ஹலால் முத்திரை, பச்சைப் புள்ளி, பால் டொபி: வீகன் ஆசிரியை ஒருவரின் இனிப்புக் கேள்விகள்

கல்முனைக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் இடையிலுள்ள ஓர் ஊரிலிருந்து முன்பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 26. அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றைத் தவிர்த்து, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன் அவர் வீகன் உணவுக்கு மாறினார். இறைச்சி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய், தேன் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். வீட்டில் வெள்ளிக்கிழமையும் விரத நாட்களிலும் மரக்கறிதான் என்பதால் மச்சத்தை விடுவது பெரிய பாடாக இருக்கவில்லை. எருமைத் தயிரும் பால் தேத்தண்ணியும் கொஞ்சம் படுத்தின. அதையும் கடந்துவிட்டார். இனிப்பு விஷயம்தான் இன்னும் பிடிபடவில்லை. முன்பள்ளியில் அடிக்கடி யாராவது ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் வருகிறது. "டீச்சர், எடுங்க" என்று டொபிப் பையை நீட்டும் பிள்ளையிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கட்டாரில் வேலை செய்யும் அண்ணன் லீவில் வரும்போதெல்லாம் பெட்டி நிறைய இனிப்போடு வருகிறார். ஹலால் முத்திரை இருந்தால் "பன்றிக் கொழுப்பு இல்லை, எனக்கும் சரி" என்றும், இந்தியப் பைக்கற்றில் பச்சைப் புள்ளி இருந்தால் "முழுச் சைவம்" என்றும் நம்பிச் சாப்பிட்டு வந்திருக்கிறார். ஒருநாள் ஹலால் முத்திரை போட்ட ஜெலி இனிப்பின் பின்பக்கத்தில் மாட்டு ஜெலட்டின் என்று இருந்ததை அவருடைய மச்சாள் காட்டியிருக்கிறார். அன்றிரவு அழுததாக எழுதுகிறார். அதன்பின் வெள்ளைச் சீனியை மாட்டெலும்புக் கரியால் வெளுப்பார்கள் என்று கேள்விப்பட்டு, சீனியையே நிறுத்திவிட்டார். இப்போது பனங்கட்டி, பேரீச்சம்பழம், கறுப்புச் சொக்லேட். அவையும் "உடம்புக்கு நல்லதுதானே" என்று அளவு பாராமல். இந்தச் சித்திரைப் புத்தாண்டுக்கு அம்மா "தேங்காய்ப்பாலில் செய்தது" என்று கொடுத்த டொபி உண்மையில் டின்பாலில் செய்தது என்று தெரியவந்தபோது அம்மாவோடு கடுமையாகப் பேசிவிட்டார். இருவரும் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அவர் கேட்பவை இவை. எதை வாங்கலாம், ஒரு பட்டியல் தருவீர்களா? தெரியாமல் சாப்பிட்டதால் இத்தனை நாள் காத்த கட்டுப்பாடு கெட்டுவிட்டதா? பிள்ளைகளுக்கு டொபிக்குப் பதில் கச்சான் அல்வா கொண்டுவரும்படி பெற்றோரிடம் சொல்லலாமா? கடிதத்தின் ஓரத்தில், நெருக்கிப்பிடித்து எழுதிய ஒரு வரியும் இருக்கிறது: "இப்ப கொஞ்ச நாளா இரவில கால் விறைக்குது, நாக்கும் எரியுது. நின்றுகொண்டே படிப்பிக்கிறதாலதானே?"

அன்புள்ள சகோதரி,

இனிப்புக்கு வருவதற்கு முன் அந்த ஓர வரிக்கு வருகிறேன். வைத்தியராக என் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

கால் விறைப்பைத் தள்ளிப் போடாதீர்கள்

நின்று படிப்பிப்பதால் கால் வலிக்கும், வீங்கும். இரவில் இரண்டு காலும் விறைப்பதும், கூடவே நாக்கு எரிவதும் வேறு கதை. வீகன் உணவில் இருக்கும் ஒருவர் இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால், விட்டமின் பி12 குறைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். மரக்கறி மட்டும் சாப்பிடுகிற வீடுகளுக்கு இந்த விட்டமினைத் தந்துகொண்டிருந்தவை பாலும் தயிரும். அவற்றையும் விட்டபின், தாவர உணவில் அதற்கு நம்பத்தக்க மாற்று எதுவுமில்லை. ஈரலில் உள்ள சேமிப்பு சில வருடங்கள்கூடத் தாக்குப்பிடிக்கும். ஆனால் முன்பிருந்தே மச்சம் குறைவாகச் சாப்பிட்டவரிடம் அந்தச் சேமிப்பு சிறியதாகவே இருக்கும். நரம்பு நீண்ட காலம் பாதிக்கப்பட்டால் பிறகு முழுமையாக மீளாமலும் போகலாம். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

இந்த வாரமே அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். "நான் வீகன், பால்கூட எடுப்பதில்லை" என்பதை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரத்தத்தில் பி12 அளவோடு இரும்புச்சத்தையும் சீனியின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நீரிழிவிலும் கால் விறைக்கும். பனங்கட்டியையும் பேரீச்சம்பழத்தையும் அளவில்லாமல் சாப்பிடுவதாக நீங்களே எழுதியிருப்பதால் அதையும் தெரிந்துகொள்வது நல்லது.

வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான பி12 வெறும் 2.4 மைக்ரோகிராம். குறைபாடு இல்லாத வீகன்கள் நாளுக்கு 10 மைக்ரோகிராம் மாத்திரையோ, வாரத்துக்கு 2000 மைக்ரோகிராம் மாத்திரையோ எடுத்தால் போதும். குறைபாடு உறுதியானால் ஊசியா மாத்திரையா என்பதை உங்கள் வைத்தியர் தீர்மானிப்பார். பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும்வரை நீங்களாகக் குளிசை வாங்கிப் போடாதீர்கள், அளவு மறைந்துவிடும். இனிப்பாக மெல்லும் விட்டமின் ஜெலிகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் பல ஜெலட்டினில் செய்தவை. கப்சியூல் உறைகளும் பெரும்பாலும் அதுதான். உங்களுக்குச் சாதாரண மாத்திரை ஏற்றது. ஆனால் நோய்க்காக வைத்தியர் கப்சியூலில் ஒரு மருந்தைத் தந்தால், ஜெலட்டின் என்று அதை நிறுத்திவிடக் கூடாது. மாற்று வடிவம் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் மருந்தைக் குடியுங்கள்.

முத்திரைகள் யாருடைய கேள்விக்குப் பதில்?

பைக்கற்றின் முன்பக்கத்தில் இருக்கும் ஒவ்வோர் அடையாளமும் யாரோ ஒருவருடைய கேள்விக்குப் பதிலாக வந்தது. அது உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும் என்றில்லை. நீங்கள் ஏமாற்றப்படவில்லை. வேறொருவருக்கான பதிலை உங்களுக்கானதாக எடுத்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான்.

ஹலால் முத்திரை, இஸ்லாமிய முறைப்படி இது உண்ணத்தக்கதா என்று கேட்பவருக்கானது. மார்க்க முறைப்படி அறுத்த மாட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்த ஜெலட்டின் அவர்களுக்கு ஆகுமானது. மீன் ஜெலட்டினும் அப்படியே. அந்த முத்திரை தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. உங்கள் அண்ணன் வளைகுடாவிலிருந்து கொண்டுவரும் ஜெலி இனிப்புகளில் மாட்டு ஜெலட்டின் இருப்பது வழமையான விஷயம்.

இந்தியாவின் பச்சைப் புள்ளி, அங்குள்ள சைவ உணவுக்காரர்களுக்கானது. இந்தியச் சட்டத்தில் பாலும் பால் பொருட்களும் தேனும் அசைவத்தில் சேராது. தேன்மெழுகும், ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சும்கூடச் சேராது. ஆகவே பச்சைப் புள்ளி இருந்தால் ஜெலட்டின் இல்லை என்று நம்பலாம், பால் இல்லை என்று நம்ப முடியாது. வீகன் உணவுக்கென்று இந்தியா 2022இல் தனி விதிமுறை கொண்டுவந்தது. பச்சை நிற ஆங்கில 'வி' எழுத்தும் அதில் துளிர்க்கும் இலையுமாக இருக்கும் அந்தச் சின்னம்தான் உங்களுக்கானது. ஐரோப்பியப் பொருட்களில், சூரியகாந்திப் பூவோடு வரும் இங்கிலாந்து வீகன் சங்கத்தின் சின்னத்தையும் நம்பலாம்.

நம் நாட்டில் 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்கள் வருகின்றனவே, அதில் பச்சை என்றால் சீனி குறைவு என்று அர்த்தம். இந்தியப் பச்சைப் புள்ளியோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

"பால் கலந்திருக்கக் கூடும்" என்ற எச்சரிக்கையைப் பார்த்து நல்ல கறுப்புச் சொக்லேட்டையும் ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது பால் ஒவ்வாமை உள்ளவருக்கான அறிவித்தல். அதே இயந்திரத்தில் முன்பு பால் சொக்லேட் ஓடியிருக்கலாம் என்பதே அதன் பொருள். பால் ஒரு மூலப்பொருளாகச் சேர்க்கப்படவில்லை. நீங்கள் சாப்பிடலாம் என்பது என் கருத்து. ஆனால் பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அதை ஒருபோதும் கொடுக்காதீர்கள். அதேபோல் வீகன் சின்னம் உள்ள இனிப்பிலும் இயந்திரம் வழியாகப் பால் துணுக்கு வந்திருக்கலாம்.

ஆகவே, பின்பக்கத்திலுள்ள உள்ளடக்கப் பட்டியல் ஒன்றுதான் உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும்.

பின்பக்கத்தில் எதைத் தேடுவது?

இனிப்பின் பெயர்களை வைத்துப் பட்டியல் தரமாட்டேன். ஒரே இனிப்பின் செய்முறை நாட்டுக்கு நாடு மாறும், இந்த வருடம் ஒன்று அடுத்த வருடம் இன்னொன்றாகவும் இருக்கும். நான் இன்று எழுதும் பட்டியல் நாளை உங்களைத் தவறாக வழிநடத்தும். மாறாக, எழுத்துப் பொடியாக இருந்தாலும் கைத்தொலைபேசிக் கமராவில் பெரிதாக்கிப் பார்த்து, இந்தச் சொற்களைத் தேடுங்கள்.

முதலாவது ஜெலட்டின். மெல்லும்போது இழுபடுகிற ஜெலி இனிப்பு, மாஷ்மெலோ, சில மென்மையான டொபிகள் ஆகியவற்றில் இருக்கும். பெயருக்குப் பதில் உணவுச் சேர்க்கைகளுக்கான குறியீட்டு இலக்கத்தில் எழுதினால் 428, பழைய ஐரோப்பிய முறையில் 441. அதே இழுவையைத் தாவரத்திலிருந்தும் பெறலாம். பழத்திலிருந்து எடுக்கும் பெக்டின் 440, கடற்பாசியிலிருந்து வரும் அகர் 406, கராஜீனன் 407. நோன்பு காலத்தில் நம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் செய்யும் கடற்பாசி இந்த அகர்தான். அதில் பசுப்பாலுக்குப் பதில் தேங்காய்ப்பாலோ பழச்சாறோ ஊற்றினால் உங்களுக்கு ஏற்ற ஜெலி தயார்.

இரண்டாவது பால். இது பல பெயர்களில் ஒளிந்திருக்கும்: மில்க் சொலிட்ஸ், வே பவுடர், லாக்டோஸ், கேசினேட், பட்டர் ஓயில். பட்டர்ஸ்கொச், கரமெல், பால் சொக்லேட் எல்லாவற்றிலும் பால் இருக்கும் என்று வைத்துக்கொண்டே பார்க்கத் தொடங்குங்கள். கறுப்பாகத் தெரிகிற எல்லாச் சொக்லேட்டும் பாலில்லாததல்ல. பட்டர் ஓயில் சேர்த்த கறுப்புச் சொக்லேட்டுகள் நிறையவே உண்டு. விலை குறைந்த சொக்லேட் பூச்சுகளில் வே பவுடர் சேர்ப்பது வழமை. "நொன் டெயரி" என்று எழுதிய பொருட்களிலும் கேசினேட் இருக்கலாம், அது பாலின் புரதம். கடையில் வாங்கும் தேங்காய்ப்பால் மாக்கள் பலவற்றிலும் அதே கேசினேட் உண்டு. தேங்காய் என்ற பெயரைப் பார்த்து எவரும் சந்தேகப்படமாட்டார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது பூச்சிகளிலிருந்து வருபவை. 120 என்ற இலக்கமோ கார்மைன், கொச்சினீல் என்ற பெயரோ இருந்தால், அது பெரு முதலிய நாடுகளில் கள்ளிச் செடியில் வளர்க்கும் பூச்சியைக் காயவைத்து எடுத்த சிவப்பு நிறம். 122 கார்மொய்சின் என்பதைப் பெயர் ஒத்திருப்பதால் இதனோடு குழப்பிக்கொள்வார்கள். அது செயற்கை நிறம், பூச்சியில்லை. மேலே பளபளப்பாக மெருகேற்றிய குண்டு இனிப்புகளில் 904 என்று இருந்தால் ஷெல்லாக், அரக்குப் பூச்சி சுரப்பது. 901 தேன்மெழுகு. 903 கார்னூபா, பிரேசில் நாட்டுப் பனை வகையொன்றின் இலை மெழுகு, அது உங்களுக்குச் சரி.

பெயரைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லாதவையும் உண்டு. கொக்கோ பட்டர் கொக்கோ விதையின் கொழுப்பு, அதில் பால் இல்லை. லாக்டிக் அசிட் 270, மாச்சத்தையோ சீனியையோ புளிக்கவைத்துப் பெறுவது. சிட்ரிக் அசிட் 330, கிறீம் ஒஃப் டார்ட்டர் 336, குளூக்கோஸ் சிரப் எல்லாம் சரி. லெசித்தின் 322 இனிப்புகளில் பெரும்பாலும் சோயாவிலிருந்தோ சூரியகாந்தியிலிருந்தோ வருகிறது.

நடுவில் நிற்பது 471 என்ற கொழுப்புச் சேர்க்கை. அது தாவரக் கொழுப்பிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். இலக்கத்தைப் பார்த்து எதுவென்று சொல்ல முடியாது. இந்தியப் பச்சைப் புள்ளி உள்ள பைக்கற்றில் 471 இருந்தால் தாவர மூலம் என்று கொள்ளலாம், அந்தப் புள்ளி உங்களுக்கு உதவுகிற இடம் இதுதான். மற்றவற்றில் உற்பத்தியாளரின் முகவரி லேபிளிலேயே இருக்கும். கேட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டால் அதை விட்டுவிட்டு வேறொன்றை எடுப்பதில் நட்டமில்லை.

பெட்டிக்கடைப் போத்தலிலிருந்து ஒன்றிரண்டாக வாங்கும் டொபியின் உறையில் உள்ளடக்கம் எழுத இடமே இருப்பதில்லை. அது வந்த பெரிய பையில்தான் விவரம் இருக்கும். கடை அண்ணனிடமோ காக்காவிடமோ "அந்தப் பையை ஒருக்கா காட்டுங்கோ" என்று கேட்டால் காட்டுவார்கள். லேபிள் ஒன்று சொல்ல உள்ளே வேறொன்று இருப்பதாக உறுதியான சந்தேகம் வந்தால், பைக்கற்றையும் பற்றுச்சீட்டையும் வைத்துக்கொண்டு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், வாங்குபவரைத் தவறாக எண்ணவைக்கும் லேபிளைத் தடை செய்கிறது. நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

கட்டுப்பாடு கெட்டுவிட்டதா?

இல்லை. அந்த இரவு நீங்கள் அழுதிருக்க வேண்டியதில்லை, சகோதரி. 1944இல் இங்கிலாந்தில் தொடங்கிய வீகன் சங்கம் தரும் வரையறையிலேயே, இயன்ற அளவுக்கும் நடைமுறைக்கு ஒத்த அளவுக்கும் விலங்குச் சுரண்டலைத் தவிர்ப்பது என்றுதான் இருக்கிறது. அறியாமல் உண்டதைக் கணக்கில் எழுதிவைக்கும் ஏற்பாடு அதில் இல்லை. நீங்கள் இதைத் தொடங்கியது விலங்குகள்மேல் கொண்ட இரக்கத்தால். ஒரு துண்டு ஜெலியால் அந்த இரக்கம் குறைந்துவிடவில்லை. உணவைப் பற்றிய பயமும் குற்ற உணர்வும் கூடிக்கொண்டே போய், வெளியில் எதையும் வாயில் வைக்க முடியாத நிலை வந்தால் மட்டும் தயங்காமல் வைத்தியரிடமோ உளவளத் துணையாளரிடமோ பேசுங்கள்.

சீனியும் எலும்புக் கரியும்

நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை, ஆனால் நம் நாட்டுக்குப் பெரும்பாலும் பொருத்தமில்லை. கரும்புச் சீனியை எலும்புக் கரி வழியாக வடித்து வெளுக்கும் முறை, குறிப்பாக அமெரிக்காவின் சில சுத்திகரிப்பு ஆலைகளில் இருக்கிறது. இந்திய ஆலைகள் பெரும்பாலும் சுண்ணாம்பையும் கந்தகப் புகையையும் கொண்டு வெளுக்கின்றன. உங்கள் அம்பாறை மாவட்டத்து ஹிங்குரானைத் தொழிற்சாலையிலும், மொனராகலைப் பக்கத்துப் பெல்வத்தை, செவனகலைத் தொழிற்சாலைகளிலும் வருகிற பழுப்புச் சீனியில் அப்படி வெளுக்கும் வேலையே கிடையாது. மனம் ஒப்பாவிட்டால் பழுப்புச் சீனியை வாங்குங்கள்.

ஆனால் பனங்கட்டியையும் கித்துள் பாணியையும் "நல்ல சீனி" என்று அள்ளிச் சாப்பிடுவதை நிறுத்த வேண்டும். உடம்புக்கு அவையும் சீனிதான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வரம்பு, சேர்க்கப்படும் சீனி நாளுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள். 25 கிராம் என்பது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி. பனங்கட்டியும் பாணியும் தேத்தண்ணிச் சீனியும் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். முழுப் பேரீச்சம்பழம் அந்தக் கணக்கில் வராது, ஆனாலும் இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். ஒரு இனிப்பு வீகன் என்பதால் பல்லுக்கும் இரத்தச் சீனிக்கும் எந்தச் சலுகையும் கிடைப்பதில்லை.

ஊரிலேயே இருப்பவை

வெளிநாட்டுப் பைக்கற்றுகளோடு மல்லுக்கட்டுகிற நீங்கள், திருவிழாக் கடைகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மீனும் தேனும் பெயரிலேயே இருக்கும் மீன்பாடும் தேனாடான நம் மட்டக்களப்புப் பக்கத்தில் வீகனாக வாழ்வது கடினம் என்று நினைப்போம். இனிப்பைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறு. மாமாங்கேஸ்வரர் கோயில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கோ திருக்கோயில் ஊர்த் திருவிழாவுக்கோ போனால், சாப்பிடக்கூடியவை வரிசையாக இருக்கும். எள்ளுருண்டை என்றால் எள்ளும் சக்கரையும். கச்சான் அல்வா என்றால் கச்சானும் சீனிப்பாகும். தொதல் தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் கருப்பட்டியும் கஜுவும். தும்பு முட்டாசு முழுக்கச் சீனியும் நிறமும்தான். பொரிவிளாங்காய், தேங்காய்ப்பூ டொபி, புளி இனிப்பு எல்லாம் இந்த வகையே.

கேட்டு வாங்க வேண்டியவை சில. மஸ்கட்டுக்கு நெய்யோ மாஜரினோ ஊற்றுவார்கள், மாஜரினிலும் பால் சேர்ந்திருக்கலாம். லட்டில் நெய், ஜிலேபி மாவில் தயிர், கொக்கிஸில் முட்டை, சில அலுவாக்களில் டின்பால். தேங்காய்ப்பூ டொபியையும் தட்டில் பட்டர் பூசிக் கொட்டினார்களா என்று கேளுங்கள். கோயிலில் பஞ்சாமிர்தமும் நெய் வார்த்த சக்கரைப் பொங்கலும் கையில் தந்தால் மறுத்து நிற்காமல் வாங்கி, வீட்டில் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடலாம். ஐயரிடம் உள்ளடக்கம் விசாரிப்பது அந்த இடத்துக்குப் பொருந்தாது.

பிள்ளைகளுக்குக் கச்சான் அல்வா வேண்டாம்

இதில் உங்களோடு உடன்பட முடியவில்லை. முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு முழுக் கச்சான், கஜு, உருண்டையான கடின டொபி எதுவுமே கொடுக்கக்கூடாது. அவர்களுக்கு நன்றாக அரைத்து மெல்லும் பல் இன்னும் சரியாக அமையவில்லை. சிரித்துக்கொண்டோ ஓடிக்கொண்டோ சாப்பிடும்போது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளையும் இருக்கலாம். அழுத்தினால் வாய்க்குள் பாயும் சின்னக் கிண்ண ஜெலிகளில் பல தாவரப் பசையில் செய்தவை, உங்கள் பட்டியலுக்கு ஏற்றவை. ஆனால் தொண்டையில் அடைத்து உயிராபத்து விளைவிப்பதால் ஐரோப்பிய நாடுகள் கொன்ஜாக் என்ற கிழங்குப் பசை சேர்த்த அந்தக் கிண்ண ஜெலிகளைத் தடை செய்தன. முன்பள்ளிக்குள் அவற்றை அனுமதிக்காதீர்கள்.

பிறந்தநாளுக்கு வாழைப்பழமோ பப்பாசித் துண்டோ கொண்டுவரலாம் என்று பொறுப்பாசிரியரோடு பேசி ஒரு பொது ஒழுங்கு செய்வது நல்லது. பல்லின் நலன், மூச்சடைப்பு என்ற காரணங்களே அதற்குப் போதும். உங்கள் உணவுக் கொள்கையைப் பெற்றோர்மேல் வைத்ததாக ஒரு பேச்சு எழ இடம் கொடுக்காதீர்கள். அதுவரை, டொபியை நீட்டும் பிள்ளையிடம் "டீச்சருக்கா? தாங்கோ, நன்றி" என்று வாங்கி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு நீங்கள் சாப்பிட்டீர்களா என்பது முக்கியமில்லை, வாங்கினீர்களா என்பதுதான் முக்கியம்.

அம்மாவும் பால் டொபியும்

அம்மா செய்தது சரியென்று நான் சொல்லவில்லை. ஒருவர் வேண்டாம் என்று ஒதுக்கியதை மறைத்துக் கொடுப்பது அவருடைய உடம்பின்மேல் அவருக்குள்ள உரிமையை மீறுவது. உங்களுக்குப் பால் ஒவ்வாமை இருந்திருந்தால் அது ஆபத்திலும் முடிந்திருக்கும். இதை அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மகள் மெலிகிறாள், கால் விறைக்கிறது என்கிறாள், பாலும் குடிக்கமாட்டாள் என்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாய்க்கு, தனக்குத் தெரிந்த ஒரே வழியாக டின்பால் தோன்றியிருக்கிறது. அவருடைய பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது என்பதை, மேலே நான் எழுதியதிலிருந்து நீங்களே விளங்கிக்கொள்வீர்கள். கடுமையாகப் பேசியதற்கு முதலில் நீங்கள் வருத்தம் சொல்லுங்கள். வைத்தியசாலைக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாலில்லாமலும் மகள் சுகமாக இருக்க வழி உண்டு என்பதை வைத்தியர் வாயால் கேட்டால் அவர் மனம் ஆறும். மறைத்துத் தரமாட்டேன் என்று அவரும், பரிசோதனையும் மாத்திரையும் தவறவிடமாட்டேன் என்று நீங்களும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொள்ளலாம்.

அம்மாவின் டொபியையும் நீங்கள் இழக்க வேண்டியதில்லை. இரண்டு கப் கட்டித் தேங்காய்ப்பாலை ஒரு கப் பழுப்புச் சீனியோடு அடிகனமான சட்டியில் ஊற்றி, சிறு நெருப்பில் கிண்டிக்கொண்டே இருந்தால் முக்கால் மணித்தியாலமளவில் டின்பால் போலத் திரண்டு வரும். தேங்காயைத் துருவிப் பிழிந்த பாலாக இருக்கட்டும், மா வேண்டாம். திரண்டதும் இன்னும் அரைக் கப் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் ஏலக்காய்த் தூளும் நறுக்கிய கஜுவும் சேர்த்து, ஓரம் விட்டுச் சுருளும்வரை கிண்டுங்கள். தேங்காய் எண்ணெய் பூசிய தட்டில் கொட்டி, ஆறியபின் துண்டு போடுங்கள். டின்பால் டொபி அளவுக்கு இறுகாது, சற்று மென்மையாகவே இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு துண்டு போதும்.